பேஷண்டாக நடித்தது நான்தான்

உள்ளே வாங்க அக்கா. செருப்பு அங்கேயே கிடக்கட்டும். எங்க வீட்டுக்காரர் கடைக்கு வேலைக்குப் போயிருக்கார், சாயங்காலம்தான் வருவார். உங்ககிட்ட கொடுக்கச் சொல்லி புத்தகத்தை எல்லாம் அட்டைப்பெட்டியில் எடுத்து வச்சிட்டுத்தான் போனார். தூக்கிக்கிட்டு உடனே ஓடிடாதீங்க, கொஞ்சம் உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், பாப்பா அதுல தயிரைக் கொட்டி வச்சிருக்கா. இதுல உட்காருங்க.

நீங்களும் பி.ஃபார்ம் படிச்சவங்கதானாமே. திருச்சிப் பக்கம்னு சொன்னார். இங்க ஃபார்மசிஸ்ட் லைசென்ஸ் வாங்க எழுத்துப் பரீட்சை முடிச்சிட்டீங்க, செய்முறைப் பரீட்சைதான் பாக்கின்னும் சொன்னார். நான் தரையைப் பார்த்தே பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. காதுல விழுதுல்ல, அது போதும்.

லிஃப்ட்ல பக்கத்து வீட்டு வத்சலா ஆன்ட்டி உங்களைப் பார்த்தாங்களா? பார்த்திருப்பாங்க. யார் வீட்டுக்குன்னு கேட்டிருப்பாங்க. இந்த வீட்டு நம்பரைச் சொன்னதும் அவங்க வாய் ஒரு பக்கமாப் போயிருக்கும். பாருங்க, சிரிக்கிறீங்க. அப்போ சொல்லிட்டாங்க. என்ன சொன்னாங்க, வெட்கங்கெட்டவள்னா? பட்டப்பகல்ல பால்கனிக் கதவைத் திறந்து போட்டுக்கிட்டு புருஷன்கிட்ட அசிங்கம் பேசினவள்னா? அது நான்தான். காபியா, டீயா?

சொல்லட்டும். கனடாவுக்கு வந்து ஆறு வருஷமாச்சு, என்னைப் பத்திப் பேச ஒரு விஷயமும் இல்லாமத்தான் இருந்துச்சு. இப்போ இருக்கு. பேசட்டும்.

ஆனா அந்தப் புத்தகத்தை எல்லாம் நீங்க தலைகீழாப் படிச்சாலும் அந்தப் பரீட்சையில தேற முடியாது அக்கா. அவர் படிக்காத படிப்பா? எழுத்துப் பரீட்சை ரெண்டும் முதல் தடவையிலயே பாஸ். செய்முறையிலதான் ரெண்டு தடவை கவிழ்ந்தார். ஏன் கவிழ்ந்தார்ங்கிறது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. அதனாலதான் உங்களை உட்காரச் சொன்னேன்.

எங்க ஊர் சங்கரன்கோவில். என் பேர் பேச்சியம்மாள். பேர்தான் அப்படி. பள்ளிக்கூடத்துல டீச்சர் பேர் கூப்பிடுறப்ப 'உள்ளேன்'னு சொல்லக்கூட எனக்குச் சத்தம் வராது, பக்கத்துல இருக்கிற பிள்ளைதான் எனக்கும் சேர்த்துச் சொல்லும். எட்டாங்கிளாஸ்ல வயசுக்கு வந்தேன், அதோட நிறுத்திட்டாங்க. பிறகு வீடு, வீட்டுல தறி, தறிக்கு நூல். கட்டிக்கொடுத்தது மெடிக்கல் ஷாப்காரருக்கு. கடைக்கு இவர் பேரைத்தான் வச்சிருந்தாங்க, அதனால கடைப் பேரையும் நான் சொன்னதில்லை. புருஷன் பேரை எப்படிச் சொல்றது? மெடிக்கல்னு மட்டும் சொல்வேன். என்ன சிரிக்கிறீங்க? அத்தனை பேச்சுப் பேசினவள் இதுக்கு வெட்கப்படுறாளேன்னா? அது வேற, இது வேற அக்கா.

நம்ம ஊர்ல பொம்பளைங்க மெடிக்கலுக்கு எப்படி வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? எதிர் வரிசையில நின்னு பார்ப்பாங்க. கடையில நிக்கிற ஆம்பளை ஆள் எல்லாம் கலையட்டும்னு காத்திருப்பாங்க. பிறகு வந்து, இவர் முகத்தைப் பார்க்காம கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற விக்ஸ் மிட்டாயைப் பார்ப்பாங்க. 'அது'ன்னு சொல்வாங்க. அவ்வளவுதான். அது. இவருக்கு அது போதும். எந்த அதுன்னு ஆள் நிக்கிற நிலையை வச்சே தெரிஞ்சுக்குவார். திரும்பி நின்னு அலமாரிக்குள்ள கையை விட்டு, அங்கேயே வச்சுப் பழைய பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, கவர் வாயை ஒரு முறுக்கு முறுக்கி, கையில கொடுக்காம மேசை மேல வைப்பார். வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. 'தங்கமான பையன், ஒண்ணும் கேக்க மாட்டான்'னு நாலு தெருப் பொம்பளைங்க அவர் கடைக்குத்தான் வருவாங்க. என்னைப் பெண் கேட்டு வந்தப்ப எங்க சித்தி இதைச் சொல்லித்தான் எங்கம்மாவைச் சம்மதிக்க வச்சாங்க. மருந்துக்கடைக்காரன் ஒண்ணும் கேக்காம இருந்தா அதைவிடப் பெரிய குணம் என்ன இருக்குன்னு நாங்க எல்லாருமே நினைச்சோம்.

அந்தக் குணத்தைத்தான் அவர் அப்படியே இங்க பரீட்சைக்குக் கொண்டுபோயிட்டார்.

பரீட்சை எப்படின்னு உங்களுக்குத் தெரியும். வரிசையா அறை. ஒவ்வொரு அறையிலயும் ஒரு ஆள் நோயாளி மாதிரி நடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், ஓரத்துல ஒருத்தர் மார்க் போட உட்கார்ந்திருப்பார். மணி அடிச்சா உள்ளே போகணும், அடுத்த மணி அடிச்சா வெளிய வரணும். முதல் தடவை ஃபெயில்னு வந்தப்ப, இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியலைன்னு சொன்னார். சரின்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவையும் ஃபெயில்னு வந்தப்ப அவர் முகத்துல இருந்தது இங்கிலீஷ் மாதிரி தெரியலை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே கேட்டேன், என்னதான் நடந்துச்சுன்னு. பிள்ளைங்க தூங்கின பிறகுதான் சொன்னார்.

ஒரு அறையில சின்ன வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்திருக்கா. அந்த இடத்துல அரிப்பு, வெள்ளை படுது, என்ன மருந்து போடலாம்னு கேட்டிருக்கா. இவர் தலையைக் குனிஞ்சவர் நிமிரலை. அங்க மாதிரிக்கு மருந்தெல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்களாமே, அதுல இருந்து சரியான கிரீமை எடுத்திருக்கார். சரியான மருந்துதான், அதுல தப்பே இல்லை. எடுத்தவர், சுத்துறதுக்குப் பேப்பரைத் தேடியிருக்கார். மேசை மேல கேள்வித்தாள் இருந்திருக்கு. அதுல சுத்திட்டார்.

ஆமா, கேள்வித்தாள்ல. சுத்தி, ரெண்டு முனையையும் மடிச்சு, அந்தப் பொண்ணு பக்கமா மேசையில தள்ளி வச்சிட்டு நின்னிருக்கார். எத்தனை நாளா இருக்கு, காய்ச்சல் உண்டா, மாசமா இருக்கியா, வேற மாத்திரை சாப்பிடுறியா, ஒண்ணு கேக்கலை. கேக்க வேண்டிய நேரம் முழுக்க மிச்சம் கிடக்கு. மணி அடிக்கிற வரைக்கும் சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாராம். மார்க் போடுறவர் பேனாவை மூடி வச்சிட்டாராம். நல்லாச் சிரிங்க அக்கா, நானும் சிரிச்சேன். பிறகுதான் அவர் சிரிக்கலைன்னு பார்த்தேன்.

மூணாவது தடவையும் போச்சுன்னா கிளம்பிடலாம்னு அவர் அப்பவே சொல்லிட்டார். கிளம்பி எங்க போறது? ஊர்ல கடையை என் கொழுந்தன் எடுத்து செல்போன் கடையா மாத்திட்டார். இங்க இவர் ரொட்டி ஃபேக்டரியில சாயங்கால ஷிஃப்ட். மருந்துச் சீட்டைப் பார்த்தா டாக்டர் எழுதின தப்பைக் கண்டுபிடிக்கிற மனுஷன், ரொட்டி நல்லா வெந்திருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தார். அந்த நாள்ல வீட்டுக்கு வந்தா கையை முகர்ந்து முகர்ந்து பார்ப்பார். 'ஈஸ்ட் வாடை போகவே மாட்டேங்குது'ம்பார். எனக்கு அது வாடையா தெரிஞ்சதே இல்லை.

அவர்கூட அங்க வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர், அவரும் ஃபார்மசிஸ்ட்தான், அவர் சொன்னாராம்: யாராவது ஒரு பொம்பளை ஆளை எதிர்ல உட்கார வச்சுப் பேசிப் பழகு, கூச்சம் போயிடும்னு. இவர் வந்து என்கிட்ட இதைச் சொல்லிட்டு, யாரைப் போய்க் கேக்குறதுன்னு தலையில கை வச்சு உட்கார்ந்திருக்கார். வத்சலா ஆன்ட்டி வீட்டுக்காரர் மூலமா கேக்கலாமாங்கிறார், கோவில்ல யாரையாவது கேக்கலாமாங்கிறார். நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவள் திரும்பி, 'அப்போ நான் என்ன ஆள்?'னு கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார் பாருங்க, பொம்பளைன்னு அப்பத்தான் யாரோ அவருக்குச் சொன்ன மாதிரி.

முதல்ல இங்கிலீஷ்ல சொல்லிக்கொடுத்தார். நான் மனப்பாடம் பண்ணினேன். ஐ ஹேவ் இச்சிங். ஐ ஹேவ் டிஸ்சார்ஜ். எனக்கு அர்த்தம் தெரிஞ்சாலும் அது யாரோ ரேடியோவுல பேசுற மாதிரிதான் இருந்துச்சு. அவருக்கும் அப்படித்தான். டிஸ்சார்ஜை ஃபோன் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆன மாதிரி சொல்லிட்டுப் போயிடுவார். ஆனா கேள்வி கேக்குற கட்டம் வந்தா தலை தானா குனியும். ரெண்டு வாரம் இப்படியே ஓடுச்சு. பிறகு அவரேதான் சொன்னார், 'ஏளா பேச்சி, எனக்குக் கூச்சம் இங்கிலீஷ்ல இல்லை. தமிழ்ல இருக்கு. அதைத் தமிழ்லயே பேசித்தான் எடுக்கணும்.'

ஏளான்னா எங்க பக்கத்துப் பேச்சு அக்கா. பொண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. மரியாதையும் இல்லை.

தமிழ்ல பேசலாம்னு உட்கார்ந்தா, எங்க ரெண்டு பேர்கிட்டயும் வார்த்தையே இல்லை. அங்க. கீழ. அந்த இடம். அது. வீட்டுக்கு விலக்கு. தூரம். இதை வச்சுக்கிட்டு எந்த வியாதியைச் சொல்றது? ரெண்டு பிள்ளை பெத்திருக்கோம், வார்த்தை இல்லாமலே பெத்திருக்கோம். முதல் நாள் நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கிட்டு என் வியாதியைச் சொன்னேன். இவர் கூரையைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நாளான்னு கேட்டார். 'பேஷண்ட் ஃப்ரிட்ஜ்கிட்டயா பேசும்?'னார். 'கூரைக்கு வைத்தியம் பார்க்கிறீங்களா?'ன்னு நான் கேட்டேன். கோபத்துல எழுந்து போயிட்டார். பத்து நிமிஷம் கழிச்சு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, உட்காருன்னார்.

உட்காருன்னா மார்க் கிடையாதே. பேஷண்டை நீ, வா, போன்னு பேசலாமா? அதை நான்தான் சொன்னேன். அவருக்கும் சரின்னு பட்டுச்சு. எழுந்து வெளிய போய்ட்டு மறுபடி வந்து, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, 'வாங்க, உட்காருங்க, என்ன செய்யுது உங்களுக்கு?'ன்னார். நான் எனக்குப் பின்னாடி யாராவது வந்து நிக்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்தேன். நிஜமாத்தான் அக்கா. கல்யாணமானதுல இருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. என்ன செய்யுது உங்களுக்கு. காய்ச்சல்ல கிடந்தாக்கூட தொட்டுப் பார்த்துட்டு மாத்திரையை எடுத்து வச்சிடுவார். நல்ல மனுஷன். ஒண்ணும் கேக்க மாட்டார்.

அதுக்குப் பிறகு தினமும் மத்தியானம், அவர் ஷிஃப்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வியாதி, மூணு வியாதி. நான் எல்லா வியாதிக்காரியும் ஆனேன். சர்க்கரை, மூலம், வெள்ளைப்படுதல், மாத்திரை போட மறந்த பொண்ணு, தாடி வச்ச கிழவன்கூட. கிழவனா நடிக்கிறப்ப பாப்பா பயந்து அழுதுட்டா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு? சமையலை முடிச்சிட்டு, முகம் கழுவி, பொட்டு வச்சிக்கிட்டு வந்து உட்காருவேன். 'நடிக்கிறதுக்குப் பொட்டு எதுக்கு?'ன்னு ஒரு நாள் கேட்டார். வெளிய போற பொம்பளை பொட்டு இல்லாமலா மருந்துக்கடைக்கு வருவாள்னு சொன்னேன்.

இப்போ வத்சலா ஆன்ட்டி கதைக்கு வர்றேன். ஜூலை மாசம். இங்கத்து வெயில் உங்களுக்கே தெரியும், பால்கனிக் கதவைத் திறக்காம இருக்க முடியாது. அவங்க பால்கனியும் எங்க பால்கனியும் ஒட்டினாப்புல இருக்கு. அன்னிக்கு எனக்கு அவர் கொடுத்திருந்தது நெஞ்சு எரிச்சல். நான் அதைச் சொல்லலை. நானா ஒரு வியாதியைக் கற்பனை பண்ணிக்கிட்டேன். எப்பப் பார்த்தாலும் அவருக்குத் தெரிஞ்ச வியாதியையே கேட்டா பரீட்சையில என்ன பண்ணுவார்? அதுக்காகத்தான். நல்லாக் கேட்டுக்கோங்க அக்கா, கற்பனைதான்.

'சொல்லுங்க, என்ன செய்யுது உங்களுக்கு?'

'இருமினா மூத்திரம் வந்துடுது.'

அவர் நெஞ்சு எரிச்சலை எதிர்பார்த்துக்கிட்டிருந்தவர். ஒரு நிமிஷம் தடுமாறினார். ஆனா தலையைக் குனியலை. அதுக்குள்ள நல்லாப் பழகிட்டார்.

'எவ்வளவு நாளா இருக்கு?'

'பாப்பா பிறந்ததிலிருந்து.'

'இருமினா மட்டுமா?'

'தும்மினா. பாப்பாவைத் தூக்கினா. சிரிச்சா.'

'அதுக்கு என்ன பண்றீங்க?'

'வெளிய கிளம்புற நாள்ல தண்ணி குடிக்கிறதில்லை. பஸ்ல சீட்டு இருந்தாலும் உட்கார்றதில்லை. கோவிலுக்குப் போறதை விட்டுட்டேன்.'

'யார்கிட்டயாவது சொன்னீங்களா?'

'இல்லை.'

'வீட்டுக்காரர்கிட்ட?'

'அவர் கேக்கலை.'

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு கேள்வியும் வரிசையா, முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கிட்டு வந்தார். அந்த இடத்துல வந்து குழம்பிட்டார். கையில வச்சிருந்த பேனாவைக் கீழ வச்சிட்டு, 'ஏளா, ஏன் நீ என்கிட்ட சொல்லலை?'ன்னு கேட்டுட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை நாள் பழக்கினதெல்லாம் வீணாப் போச்சே. 'பேஷண்டைப் பார்த்து ஏளான்னு சொல்வாங்களா? நீன்னு சொல்வாங்களா? இப்படி நடுவுல நிறுத்தினா அங்க மார்க் போடுவாங்களா?'ன்னு கத்தினேன். ஆமா, கத்தினேன். அதைத்தான் ஆன்ட்டி துணி காயப்போட வந்த இடத்துல கேட்டிருக்காங்க. முன்னாடி நடந்த இருமல், தும்மல் எல்லாத்தையும் சேர்த்து.

அவர் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து என் கையில கொடுத்தார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நின்னார். அன்னிக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

நான் நடிப்புன்னு எவ்வளவு சொல்லியும் கேக்கலை அக்கா அவர். மறுவாரமே ஒரு டாக்டர் அம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போயிட்டார். சரி, அங்க டாக்டர் எப்படிக் கேள்வி கேக்குறாங்கன்னு பார்த்தா இவர் பரீட்சைக்கு உதவுமேன்னு நானும் போனேன். அந்த அம்மா, இதுக்குன்னே பயிற்சி சொல்லிக்கொடுக்கிற இன்னொரு அம்மாகிட்ட அனுப்பினாங்க. அவங்க மூத்திரத்தை அடக்குற தசையை எப்படி இறுக்கணும், எப்படி விடணும், எத்தனை மூச்சுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்லைன்னாலும் கத்துக்கொடுத்ததை வீணாக்கலாமா? தினமும் பண்றேன். பாத்திரம் கழுவுறப்ப பண்ணலாம், பஸ்ல உட்கார்ந்தே பண்ணலாம். இப்பக்கூடப் பண்ணிக்கிட்டுத்தான் உங்ககிட்ட பேசுறேன். தெரியுதா? தெரியாது. அதுதான் அதுல விசேஷம்.

வத்சலா ஆன்ட்டியோட தங்கச்சி எங்க ஊர்லதான் வாழ்க்கைப்பட்டிருக்கு. இங்க இருந்து சங்கரன்கோவிலுக்குச் செய்தி போறதுக்கு விமானமெல்லாம் வேண்டாம், ஆன்ட்டி ஃபோன் போதும். ஞாயித்துக்கிழமை எங்க அத்தை, இவரோட அம்மா, வீடியோவுல வந்தாங்க. வந்ததும் பேரப்பிள்ளைகளைக் கேக்கலை. ஃபோனை அவகிட்டக் கொடுன்னாங்க.

'ஏட்டி, என்னமோ ஊருக்கே கேக்குத மாதிரி பேசுதியாம்லா. உனக்கு என்ன சீக்கு? சீக்குக்காரியவா என் மவன் தலையில கட்டி வச்சிருக்காவ?'

சீக்கெல்லாம் இல்லை அத்தை, நடிப்புன்னு சொன்னேன். நடிக்கிறதுக்கு நீ என்ன கூத்தாடியான்னு கேட்டாங்க. ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியலைன்னாங்க. அவன் படிக்கிறதுக்கு நீதான் இடைஞ்சல், நீ அவன் கூடப் போனதுல இருந்துதான் அவனுக்கு எதுவும் விளங்கலைன்னாங்க. கடைசியா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்து சேர், அவன் தனியா இருந்து படிச்சு பாஸ் பண்ணட்டும்னு சொல்லிட்டாங்க. பரீட்சைக்கு அப்போ கொஞ்ச நாள்தான் இருந்துச்சு.

இவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். அம்மா பேசினா இவருக்கு வாய் திறக்காது. அவர் அம்மா வார்த்தையைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. இவர் சரிம்மான்னு சொல்லிட்டா நாங்க மூணு பேரும் விமானம் ஏற வேண்டியதுதான். அவர் சரிம்மான்னு சொல்றதுக்கு வாயைத் திறக்கிறது எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் அதுவரைக்கும் எங்க அத்தைகிட்ட ஆமா, இல்லை, சாப்பிட்டீங்களா, இந்த மூணுக்கு மேல பேசினதில்லை அக்கா. எங்க இருந்து வந்துச்சோ தெரியலை.

'அத்தை, உங்க மகன் ஊர்ல வாய் பேசாம மருந்து கொடுத்தார். அதுக்கு அங்க நல்ல பேர். இங்க அதுக்கு ஃபெயில். ஒரு பொம்பளையை நேரா பார்த்து என்ன செய்யுதுன்னு கேட்டாத்தான் இங்க லைசென்ஸ். கேட்டுப் பழக ஒரு பொம்பளை வேணும். அடுத்த வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கவா, நானே உட்காரவா? எதுன்னு நீங்களே சொல்லுங்க.'

அத்தை ஃபோனை வச்சிட்டாங்க. இவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, 'உட்காருங்க'ன்னார்.

அதுக்குப் பிறகும் பால்கனிக் கதவை நான் மூடலை. வேணும்னேதான் மூடலை. வெயில்னா வெயில். ஆன்ட்டிக்கு நல்லாக் கேக்கட்டும்னு மூலத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்.

பரீட்சை அன்னிக்கு அவர் வீட்டுக்கு வந்தப்ப முகத்தைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. சாப்பிட்டுக்கிட்டே சொன்னார். ஒரு அறையில வயசான வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க, ஏதோ மலச்சிக்கல்னு ஆரம்பிச்சிருக்காங்க. இவர் கேட்டிருக்கார். எவ்வளவு நாளா, என்ன சாப்பிடுறீங்க, வேற என்ன மருந்து, வீட்டுல யார் இருக்காங்க, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு. மணி அடிச்சிருச்சாம். இவர் எழுந்திருக்கலை. இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு கேள்வின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். மார்க் போடுறவர் எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டு, போதும் போங்கன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சாம். போச்சு, இந்தத் தடவை பேசினதுக்கு ஃபெயில் போடப் போறாங்கன்னு ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு இருந்தோம்.

போடலை. பாஸ்தான். இப்போ அவர் இருக்கிற கடையில, ஆட்களைத் தனியா உட்கார வச்சுப் பேசுறதுக்குன்னே ஒரு சின்ன அறை இருக்கு அக்கா. கதவு சாத்திக்கலாம். நான் போய்ப் பார்த்தேன். ரெண்டு நாற்காலி போட்டிருக்கு, எதிரும் புதிருமா.

பாஸான செய்தி கேட்டு அத்தை இவர்கிட்ட ஃபோன்ல அழுதாங்க. கோமதியம்மனுக்குப் பட்டு சாத்தினாங்க. என்கிட்ட பேசலை. ஃபோன் என் பக்கம் வந்தா பாப்பாவைக் காட்டச் சொல்வாங்க. நானும் காட்டுவேன். நான் தப்பு பண்ணலை, நான் எதுக்கு இறங்கணும்? இப்படியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

போன மாசம் ஒரு நாள் காலையில பெரியவனை ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டு அப்பத்தான் உள்ளே நுழையுறேன், ஃபோன் அடிக்குது. அத்தை. வீடியோ இல்லை, வெறும் கால். பின்னாடி குழாயில தண்ணி கொட்டுற சத்தம் பெருசா கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள அவங்க குரல் சன்னமா வருது.

'அவன் இருக்கானா?'

'இல்லை அத்தை, கடைக்குப் போயிட்டார்.'

'இல்லாட்டாப் பரவால்ல. அன்னைக்கு நீ நடிச்சியாம்லா, ஒரு சீக்கு. அதுக்கு அவன் என்ன மருந்து சொன்னான்?'

எதுக்கு அத்தைன்னு கேட்டேன்.

'இங்கன தெருவுல ஒருத்தி கேட்டா. அவளுக்குத்தான்.'

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வத்சலா ஆன்ட்டி புண்ணியத்துல நம்ம நடிப்பு யாருக்கோ உதவுதேன்னு. ஆனா கேட்ட உடனே மருந்தைத் தூக்கிக் கொடுக்கிறதா? அதுக்குத்தானே ரெண்டு தடவை ஃபெயிலாக்கினாங்க. 'முதல்ல சில கேள்வி கேக்கணும் அத்தை. அவளுக்கு இது எவ்வளவு நாளா இருக்கு?'ன்னு கேட்டேன்.

தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. கால் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். கட்டாகலை.

'உம் புருசன் பொறந்ததுல இருந்து'ன்னாங்க.

தெருவுல இருக்கிற ஒருத்திக்கும் என் புருஷன் பிறந்ததுக்கும் என்ன கணக்குன்னு நான் கேக்கலை அக்கா. சில பேருக்கு அடுத்தவங்க மேல போட்டுத்தான் சொல்ல வரும். பாவம், அந்தக் காலத்து ஆள். எனக்கெல்லாம் அந்தப் பழக்கம் இல்லை, அதனால அது எனக்கு உடனே தெரிஞ்சிடும்.

முப்பத்தி நாலு வருஷம் அக்கா.

இருமினாலா, தும்மினாலா, தண்ணிக்குடம் தூக்கினாலான்னு கேட்டேன். எல்லாத்துக்கும்தான்னாங்க. பத்தியம் இருக்கணுமாட்டின்னு கேட்டாங்க. பத்தியமெல்லாம் இல்லை, தண்ணியை மட்டும் குறைக்கக் கூடாதுன்னேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு.

'சிரிச்சா?'

'அவ சிரிச்சு யாரு பாத்தா?'

நானும்தான் பார்த்ததில்லை. பாப்பாவை இறக்கி விட்டுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பயிற்சி அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் முதல்ல இருந்து வரிசையா ஞாபகப்படுத்திக்கிட்டேன்.

'குழாயை மூடுங்க அத்தை, நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது'ன்னேன்.

மூடினாங்க.